மலையில் நன்றாக உடுத்த ஒரு முழு வழிகாட்டி: பிராண்டும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலை எட்டரை மணிக்கு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். கண்ணில் படுவது ஸ்வெட்டர், ஜெர்க்கின், ஷால், குல்லா. உள்ளே போட்டிருக்கிற நல்ல சட்டையில் காலர் மட்டும்தான் வெளியே தெரியும். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் காசு போடுவது அந்த உள்ளே இருக்கிற துணிக்குத்தான். அதன் மேல் நாலு வருஷத்துக்கு முந்தைய, முழங்கையில் உருண்டை கட்டிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் வாழ்கிறவர்கள் துணிக்கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். முதல் காசு மேல் உடுப்புக்கு, அடுத்தது காலுக்கு, மூன்றாவது டெய்லருக்கு, மிச்சம்தான் மற்றதற்கு. குன்னூர், கோத்தகிரியில் குளிர் கொஞ்சம் குறைவு என்றாலும் வரிசை இதுவேதான்.

முதல் படி: அலமாரியைக் காலி செய்து அளவெடுப்பது

ஜனவரி, பிப்ரவரியில் நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மொத்தத் துணியையும் வெளியே கொண்டுவந்து வெயிலில் போட்டால் மழைக்காலத்து ஈர வாடையும் போகும். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சரியாக இருப்பது, சின்ன வேலை செய்தால் சரியாகிவிடுவது, எதற்கும் ஆகாதது. இரண்டாவது குவியல்தான் உங்கள் புதையல். பெரும்பாலான வீடுகளில் அது மற்ற இரண்டையும் விடப் பெரிதாக இருக்கும்.

அடுத்து, போட்டால் உங்களுக்கே பிடிக்கிற ஒரு சட்டையையும் ஒரு ஸ்வெட்டரையும் எடுத்து மேஜையில் தட்டையாகப் பரப்பி, இன்ச் டேப்பால் நாலு அளவு எடுங்கள்.

தோள்: முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை. மார்பு: ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். கை: தோள் தையலிலிருந்து நுனி வரை. உயரம்: கழுத்தோரம் தோள் உச்சியிலிருந்து கீழ் ஓரம் வரை.

இதை ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். சைஸ் லேபிளை நம்பிப் பயனில்லை. ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல் ஆக இருக்கும். ஏற்றுமதிக்குத் தைத்த துணி வேறு ஊர்க்காரர்களின் உடம்புக்கு வெட்டியது. டேப்பில் வருகிற இன்ச் மாறாது.

ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. உடம்பின் மார்பளவை விட சட்டை 4 இன்ச் கூட இருக்க வேண்டும். ஸ்வெட்டருக்கும் அதே 4 போதும், ஏனென்றால் பின்னல் இழுத்துக்கொடுக்கும். ஜெர்க்கினும் கோட்டும் இழுபடாத துணி. ஸ்வெட்டருக்கு மேல் போடப் போகிறீர்கள் என்றால் 7, 8 இன்ச் வேண்டும். வெறும் சட்டையோடு போய்ப் போட்டுப் பார்த்து ஜெர்க்கின் வாங்குகிறவர்கள்தான் டிசம்பரில் கையைத் தூக்க முடியாமல் தவிக்கிறார்கள். எப்போதும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே ஜெர்க்கின் வாங்கப் போங்கள்.

இரண்டாம் படி: பணத்தைப் பிரிப்பது

வருஷத்துக்கு ஒருவருக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேல் உடுப்பு ஒன்றுக்கு 2,400. ஷூவுக்கு 1,800. டெய்லருக்கு 900. சட்டை, சுடிதார், பனியன், சாக்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 900. கடைசித் தொகை குறைவாகத் தெரியும். திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் அது போதும், அதைப் பிறகு பார்ப்போம்.

ஏன் மேல் உடுப்புக்கு இவ்வளவு? 1,500 ரூபாய் ஸ்வெட்டரை வருஷத்துக்கு 150 நாள் வீதம் மூன்று வருஷம் போட்டால் 450 தடவை. ஒரு தடவைக்கு 3 ரூபாய் 33 காசு. 500 ரூபாய் ஸ்வெட்டர் 40 தடவையில் உருண்டை கட்டி வீட்டு வேலைக்கு ஒதுங்கினால் ஒரு தடவைக்கு 12 ரூபாய் 50 காசு.

மூன்றாம் படி: நிறம்

மேகமூட்டமான நாளில் பளிச்சென்ற நிறங்கள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அடர்த்தியான நிறங்கள்தான் இந்த வெளிச்சத்துக்கு எடுப்பு. மேல் உடுப்புக்கு நேவி புளூ, சாம்பல், பாட்டில் பச்சை, மெரூன் இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே இந்த இரண்டோடும் சேர வேண்டும். கடுகு மஞ்சளோ செங்கல் சிவப்போ மப்ளரில் ஒன்று இருக்கட்டும்.

இடுப்புக்குக் கீழே மழைக்காலத்தில் வெளிர் நிறம் வேண்டவே வேண்டாம். நம் செம்மண் சேறு கால் ஓரத்தில் தெறித்தால் கறை லேசில் போகாது. காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் துவைக்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் மண் நூலுக்குள் இறங்கிவிடும்.

நான்காம் படி: ஸ்வெட்டரும் ஜெர்க்கினும் வாங்குவது

ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கத்துத் திபெத்தியர் சந்தை, கொடைக்கானலில் ஏரிப் பக்கத்துக் கம்பளிக் கடைகள், இரண்டு இடத்திலும் நல்ல சரக்கும் இருக்கும், சுமாரான சரக்கும் இருக்கும். ஏப்ரல், மே சீசனில் போகாதீர்கள். கூட்டத்தில் பேரம் பேசவும் முடியாது, நிதானமாகப் பார்க்கவும் முடியாது. ஜூலை மழையில், வார நாள் காலையில் போங்கள். கடைக்காரருக்கும் நேரம் இருக்கும்.

கையில் எடுத்ததும் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் உள்பக்கத்தைத் திருப்புங்கள். தோள் தையலோடு ஒரு மெல்லிய நாடாவைச் சேர்த்துத் தைத்திருந்தால் தோள் தொங்காது. நாடா இல்லாத ஸ்வெட்டரில் அதன் எடையே தோளை இழுக்கும். சில மாதத்தில் தோள் தையல் கைக்கு இறங்கி, கை நுனி விரலை மூடும்.

அடுத்து மணிக்கட்டு ரிப்பை, அதாவது கை நுனியில் இறுக்கிப் பிடிக்கிற வரிப் பின்னலை, நன்றாக அகட்டி இழுத்து விடுங்கள். விட்டவுடன் பழைய அளவுக்கு வந்தால் எடுக்கலாம். வாய் பிளந்து நின்றால் வைத்துவிடுங்கள். ஓய்ந்துபோன ரிப் எவ்வளவு விலை கொடுத்த ஸ்வெட்டரையும் கிழடாக்கிவிடும்.

பிறகு உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில், துணியைத் துணியோடு பத்துத் தடவை தேயுங்கள். பஞ்சு எழும்பினால் ஒரு மாதத்தில் அக்குளிலும் முழங்கையிலும் உருண்டை கட்டும். குட்டை இழை நூலில் முறுக்கு தளர்வாக இருப்பதுதான் இதற்குக் காரணம். கடைசியாக வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். கண்ணி கண்ணியாக வெளிச்சம் வந்தால் காற்றும் அந்த வழியே வரும்.

‘சுத்தக் கம்பளி’ என்று சொல்லி அக்ரிலிக் என்கிற செயற்கை நூலைக் கொடுப்பதும் நடக்கும். உள்தையலில் தொங்குகிற நூல் ஒன்றைக் கடைக்காரரைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். கம்பளி மெதுவாக எரிந்து முடி கருகிய வாடை வரும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் சட்டென்று பற்றி, உருகி, நுனியில் கல் போல ஒரு கறுப்பு மணி நிற்கும். உருகியதைத் தொடாதீர்கள், சுடும். பருத்தி காகிதம் போல எரியும்.

அக்ரிலிக் என்று தெரிந்தே வாங்குவதில் தவறில்லை. விலை குறைவு, பூச்சி அரிக்காது, சீக்கிரம் காயும். மழைக்காலத்துக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். நீராவியும் சூடும் பட்டால் அக்ரிலிக் பின்னல் தொளதொளத்துப் போகும், அப்புறம் எதைச் செய்தாலும் பழைய விறைப்பு வராது.

ஜெர்க்கினில் ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். ஒரு தடவை சிக்கினாலும் வேண்டாம். புது ஜிப் போடுகிற கூலி சிலசமயம் ஜெர்க்கின் விலையில் நாலில் ஒரு பங்காகிவிடும். பழைய கோட் வாங்கினால் ஒரே ஒரு சோதனை போதும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். உங்கள் கை சுவரில் படுவதற்கு முன்னால் தோள் பஞ்சு பட்டால் கோட் பெரிது. தோளைச் சரிசெய்ய கோட்டையே பிரித்தாக வேண்டும், அதனால் இலவசமாகக் கொடுத்தாலும் அது வேண்டாம்.

ஷால், மப்ளர் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் கைப்பூத்தையல், வெள்ளை முரட்டுப் பருத்தியில் கறுப்பும் சிவப்பும் நூலில் இழை எண்ணிப் போடுவது, 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. முழுப் போர்வை வாங்க வசதி இல்லாவிட்டால் ஒரு மப்ளரோ சின்னப் பையோ வாங்குங்கள். சாதாரண நேவி ஸ்வெட்டரோடு அது ஒன்றே போதும். விரலை ஓட்டினால் கைத்தையலின் நூல் மேடு தெரியும். மெஷினில் போட்டதைத் திருப்பினால் அடிநூல் தனியாக, பெரும்பாலும் வெள்ளையாக, வரிசை கட்டி நிற்கும். கைவேலையில் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். ஒவ்வொரு இழையும் கண்ணால் எண்ணிப் போட்டது.

ஐந்தாம் படி: உள் உடுப்புக்குத் திருப்பூர்

நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி வழியாகவும், கொடைக்கானலிலிருந்து பழனி, தாராபுரம் வழியாகவும் திருப்பூர் போகலாம். அங்கே காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன், டி-ஷர்ட், சட்டை, ஸ்வெட் ஷர்ட் கிடைக்கும். வீட்டில் நாலு பேருக்குச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை போனால் பஸ் செலவு தெரியாது.

அங்கே இரண்டு வகைச் சரக்கு உண்டு. சர்ப்ளஸ் என்பது ஆர்டருக்கு மேல் தைத்தது, குறை இருக்காது. செகண்ட்ஸ் என்பது ஏதோ ஒரு குறையால் கழிக்கப்பட்டது. என்ன குறை என்று கண்டுபிடித்த பிறகுதான் செகண்ட்ஸ் வாங்க வேண்டும். உள்ளே அச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, லேபிள் தப்பு, இந்த மாதிரி என்றால் கவலையில்லை. ஊசி உடைந்து விட்ட நீளக் கோடு, பொடி ஓட்டை இருந்தால் விட்டுவிடுங்கள், துவைக்கத் துவைக்க அகலும். சைடு தையல் நேராகக் கீழே வருகிறதா என்றும் பாருங்கள். புதுசிலேயே முன்பக்கம் சாய்ந்திருந்தால் முதல் துவையலில் இன்னும் முறுக்கிக்கொள்ளும், எந்த டெய்லராலும் அதை நேராக்க முடியாது.

ஜிஎஸ்எம் என்று கேட்டால் கடைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். மலைக்கு டி-ஷர்ட் 180, உள்ளே பஞ்சு எழுப்பிய ஸ்வெட் ஷர்ட் 280லிருந்து 320. 140 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் சென்னைக்குச் சரி. நமக்கு அது பனியனாக மட்டும்தான் ஆகும்.

ஆறாம் படி: டெய்லர்

பிராண்டு துணி ஏன் நன்றாகத் தெரிகிறது என்று கவனித்தால், பாதிக் காரணம் அளவு பொருந்துவது. அதை உங்கள் தெரு டெய்லரே செய்துகொடுப்பார், என்ன வேண்டும் என்று நீங்கள் சரியாகச் சொன்னால்.

சுலபமாக ஆகிற வேலைகள்: சட்டையில் சைடு பிடிப்பது, கை நீளம் குறைப்பது, பேண்ட் உயரம், இடுப்பு. பேண்ட் இடுப்பை 2 இன்ச் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகிவிடும். ஆகாத வேலை தோள். கழுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பருத்தித் துணியைத் துவைக்காமல் டெய்லரிடம் கொடுக்கவே கூடாது. பருத்தி 3லிருந்து 5 சதவீதம் சுருங்கும். 40 இன்ச் உயரமுள்ள பேண்ட்டில் அது 1.2 இன்சிலிருந்து 2 இன்ச். சரியாக வெட்டித் தைத்த பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்பது இதனால்தான். ஒரு முறை துவைத்து, காயவைத்து, தேய்த்து, அதன் பிறகு நீங்கள் தினமும் போடுகிற ஷூவோடு போய் அளவு கொடுங்கள். மழையூரில் பேண்ட் ஓரம் ஷூவின் மேல்பக்கத்தைத் தொட்டு நிற்க வேண்டும், குதிகாலுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெட்டிய துணியில் ஒன்றரை இன்சை உள்ளே மடித்து வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பின்னால் இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்வெட்டரையும் பிடிக்கலாம், வெட்டிய ஓரம் அவிழாமல் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் மெஷின் இருக்கிற டெய்லர் என்றால் மட்டும். சாதாரணத் தையல் போட்டு வெட்டினால் கண்ணி அவிழ்ந்துகொண்டே போகும்.

ஏழாம் படி: சேலையோடு ஸ்வெட்டர்

மலையில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதுதான் தீராத தொல்லை. கட்டிய சேலையின் மேல் நீள ஸ்வெட்டரைப் போட்டால் முந்தானை உள்ளே சுருண்டு, வயிற்றுப் பக்கம் உப்பி, இடுப்பே தெரியாமல் போகும்.

பழைய வழி ஒன்று நன்றாகவே வேலை செய்கிறது. முழுக்கை, வட்டக் கழுத்து அல்லது உயர்கழுத்து மெல்லிய பின்னல் டாப் ஒன்றை ரவிக்கைக்குப் பதிலாகவே போடுங்கள். உயரம் இடுப்பு எலும்புக்கு மேலே முடிய வேண்டும். நீளமாக இருந்தால் பாவாடைக்குள் விட்டுவிடலாம். அதன் மேல் சேலை, முந்தானை வெளியே. பருத்திச் சேலைக்கும் கனமான சில்க் காட்டனுக்கும் இது அழகாக நிற்கும். வழவழப்பான சிந்தெடிக் சேலை பின்னலில் ஒட்டி, நடக்கும்போது ஏறிக்கொண்டே இருக்கும். தோளில் ஊசி குத்துகிற இடத்தில் உள்ளே ஒரு சின்னத் துணித் துண்டு வைத்துக் குத்தினால் பின்னல் இழுபடாது.

பட்டன் ஸ்வெட்டரே வேண்டும் என்றால், முந்தானையை நாலு மடிப்பாக எடுத்துத் தோளில் குத்தி, அதன் மேல் ஸ்வெட்டரைப் போட்டு, பின்பக்க முந்தானையை வெளியே எடுத்து வலது பக்கமாக முன்னால் கொண்டுவந்து கையில் விடுங்கள். ஸ்வெட்டர் இடுப்போடு முடியட்டும். மேல் இரண்டு பட்டனைத் திறந்தே விடுங்கள், சேலையின் நிறம் அங்கேதான் தெரியும்.

காலுக்குப் பாவாடையின் உள்ளே கணுக்கால் வரை தெர்மல் லெக்கின்ஸ். சேலை நிறத்துக்குச் சேர்கிற அடர் நிற சாக்ஸ், மூடிய ஷூ. இதைப் பொருந்தாது என்று சொல்கிறவர்கள் டிசம்பர் காலையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்று பார்க்காதவர்கள்.

எட்டாம் படி: பழைய ஸ்வெட்டரைப் புதுசாக்குவது

ஒரு மணி நேர வேலை, செலவு நூறு ரூபாய்க்குள். கனமான புத்தகம் ஒன்றை ஸ்வெட்டருக்குள் விட்டு, உருண்டை கட்டின இடத்தை அதன் மேல் இழுத்து விரியுங்கள். புது ரேஸரைத் தட்டையாகப் பிடித்து, அழுத்தாமல், மேலிருந்து கீழே ஒரே திசையில் இழுங்கள். சாய்த்துப் பிடித்தால் கண்ணி அறுந்துபோகும். இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை ரேஸரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு பட்டன். மலிவு ஸ்வெட்டரைக் காட்டிக்கொடுப்பது பளபளக்கிற பிளாஸ்டிக் பட்டன்தான். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மரப் பட்டனோ தேங்காய்ச் சிரட்டைப் பட்டனோ தையுங்கள். புதுப் பட்டன் பழைய காஜாவில் நுழைகிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும், அதனால் ஸ்வெட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். தைக்கும்போது பட்டனின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாக நூலை ஓட்டுங்கள். நாலு சுற்றுப் போனதும் குச்சியை உருவி, பட்டனை மேலே தூக்கி, கீழே தளர்ந்திருக்கிற நூலைச் சுற்றி ஐந்தாறு தடவை நூலைச் சுற்றி முடிச்சிடுங்கள். பட்டனுக்கு அடியில் ஒரு சின்னத் தண்டு கிடைக்கும். கனமான பின்னல் பட்டி அந்த இடைவெளியில் உட்காரும். தண்டு இல்லாமல் ஒட்டித் தைத்தால் பட்டன் போடுகிற இடமெல்லாம் குழி விழுந்து துணி இழுக்கும்.

ஒன்பதாம் படி: கால், தலை, கை

ஷூ கறுப்பிலோ அடர் பழுப்பிலோ, அடியில் பள்ளம் உள்ள ரப்பர் சோலோடு ஒரு ஜோடி. வாங்கிய வாரமே செருப்பு தைப்பவரிடம் சோலைச் சுற்றி ஓரத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டு மட்டும் நம்மூர் மழைக்குத் தாங்காது. நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும்.

குல்லா ஸ்வெட்டரின் நிறத்திலேயே இருக்கட்டும். குடையையும் உடுப்பாகவே எண்ணுங்கள். வருஷத்தில் பாதி நாள் அது உங்கள் கையில் இருக்கிறது. ஒரே நிறம், மரக் கைப்பிடி, கம்பி வளையாதது, அவ்வளவுதான்.

பத்தாம் படி: துவைப்பதும் காயவைப்பதும்

மார்கழி, தை மாதங்களில் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு, நீலகிரியின் படகர் சமூகத்து ஊர்களில் ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தி வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வெள்ளையின் அழகெல்லாம் துவைத்ததிலும் மடித்ததிலும்தான் இருக்கிறது. அந்தக் கவனத்தை ஸ்வெட்டருக்கும் கொடுங்கள்.

கம்பளியைக் குளிர்ந்த தண்ணீரில், அரை பக்கெட்டுக்கு இரண்டு டீஸ்பூன் ஷாம்பு விட்டு, பத்து நிமிஷம் ஊறவைத்து, அமுக்கி அமுக்கித் துவையுங்கள். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும். பிழியாதீர்கள். காய்ந்த துண்டின் மேல் பரப்பி, பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் கை நீளும்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போடும்போது இரண்டு துணிக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். ஈர வாடை பிடித்துவிட்டால் கடைசி அலசலில் அரை பக்கெட் தண்ணீருக்கு அரை கப் வெள்ளை வினிகர் விடுங்கள்.

எடுத்து வைக்கும் முன் கட்டாயம் துவைக்க வேண்டும், வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடத்தைத்தான் பூச்சி முதலில் அரிக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியிலோ தலையணை உறையிலோ சுற்றி, மடித்தே வையுங்கள், ஹேங்கரில் மாட்டாதீர்கள். நீலகிரித் தைலம் நாலு சொட்டு பஞ்சில் விட்டு அலமாரி மூலையில் வைக்கலாம். துணியில் நேராக விட்டால் எண்ணெய்க் கறை விழும்.